ஹெக்டேருக்கு வயிறு கிடையாது

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வேளாண் கொள்கைதான் உலகிலேயே நியாயமான உழவர் ஆதரவுத் திட்டம். 27 நாடுகள் ஒரே கருவூலத்திலிருந்து எடுத்து, ஒரே விதியின்படி சிறு குடும்ப உழவரைக் காப்பாற்றுகின்றன. பிழை தென்பட்டால் அவ்வப்போது தாங்களே திருத்திக்கொள்கின்றன. ஆகவே இந்தியாவும் குறைந்தபட்ச ஆதரவு விலை, அரசுக் கொள்முதல், இலவச மின்சாரம் என்ற பழைய மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, ஏக்கருக்கு இவ்வளவு என்று வங்கிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். இப்படி வாதாடும் கட்டுரை ஒன்று வந்து, விவரமறிந்தவர்கள் சிலரையும் தலையாட்ட வைத்திருக்கிறது. எழுதியவர் படித்தவர், அட்டவணை போடத் தெரிந்தவர். அதனால்தான் இதற்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. தெரியாதவர் சொல்லும் தவறைக் கடந்து போய்விடலாம்; தெரிந்தவர் பாதியை மறைத்துச் சொல்வதை அப்படி விட்டுவிட முடியாது.

பசியிலிருந்து தொடங்குகிறார். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்து மக்கள் டூலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். அந்த நினைவு அடங்காத தலைமுறைதான் 1957இல் ரோம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது, 1958இல் ஸ்ட்ரேசாவில் கூடிப் பேசியது, 1962இல் பொது வேளாண் கொள்கையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது என்கிறார். அத்தனையும் உண்மை. ஆனால் 1962இல் தொடங்கிய கொள்கை எந்தக் கருவியைக் கொண்டு ஐரோப்பாவின் உணவுத் தட்டுப்பாட்டைத் தீர்த்தது என்ற கேள்வியை அவர் ஏன் தொடவேயில்லை? உறுதியளிக்கப்பட்ட விலை, சந்தை விலை அதற்குக் கீழே இறங்கினால் அரசே தலையிட்டு வாங்கிக் கிடங்கில் அடுக்குவது, வெளியிலிருந்து மலிவாக வரும் தானியத்தை வரியால் தடுப்பது. அதாவது, இந்தியா கைவிட வேண்டும் என்று அவர் சொல்கிற அதே ஆதரவு விலை, அதே கொள்முதல். ஹெக்டேருக்கு இவ்வளவு என்று காசோலை எழுதும் வழக்கம் 1992இல்தான் வந்தது. ஐரோப்பியக் கிடங்குகளில் வெண்ணெயும் கோதுமையும் மாட்டிறைச்சியும் வைக்க இடமில்லாமல் குவிந்துவிட்ட பிறகு, விலையைக் குறைத்தாக வேண்டும் என்ற நெருக்கடியில், அதற்கு ஈடாக வந்தது. பற்றாக்குறையைத் தீர்த்தது ஒரு கருவி, உபரியைச் சமாளிக்க வந்தது இன்னொன்று. முதலாவதன் புகழை எடுத்து இரண்டாவதன் தலையில் சூட்டிவிட்டு, அதை ரேஷன் கடை அரிசியை நம்பிக் கோடிக்கணக்கானோர் வாழும் நாட்டுக்குப் பரிந்துரைப்பவரை என்ன சொல்வது? வரலாற்றை அவர் படிக்கவில்லை என்று நான் நினைக்கவில்லை. தனக்கு வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொண்டார்.

அந்த உபரியின் கதையும் அவர் கட்டுரையில் இல்லை. எவ்வளவு விளைந்தாலும் அரசு வாங்கும் என்றால் அதிகம் விளைவிப்பவர்தான் அதிகம் பெறுவார். 1980களின் நடுவில் ஐரோப்பிய சமூகத்தின் மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேளாண்மைக்கே போனது. 1984இல் பாலுக்கு ஒதுக்கீட்டு வரம்பு போட்டார்கள்; அதே ஆண்டு ஃபோந்தேன்புளோவில், தன் நாடு கட்டுவது அதிகம், பெறுவது குறைவு என்று சண்டையிட்டு மார்கரெட் தாட்சர் பிரிட்டனுக்குத் தள்ளுபடி வாங்கிப் போனார். மிஞ்சியதை ஏற்றுமதி மானியம் கொடுத்து உலகச் சந்தையில் தள்ளினார்கள். ஐரோப்பாவின் பீட்ரூட் சர்க்கரை அதன் உற்பத்திச் செலவைவிட மிகக் குறைந்த விலையில் வெளிநாட்டுத் துறைமுகங்களில் இறங்கியபோது இழப்பைத் தாங்கியவர்கள் பிரேசிலிலும் தாய்லாந்திலும் கரும்பு வெட்டியவர்கள். அவ்விரு நாடுகளும் ஆஸ்திரேலியாவும் உலக வர்த்தக அமைப்பில் வழக்காடி 2005இல் வென்ற பிறகுதான், 2006இல் ஐரோப்பா தன் சர்க்கரை ஆதார விலையை 36 சதவீதம் குறைத்தது. தாங்களே திருத்திக்கொண்டார்களாம்! வழக்கில் தோற்றுத் திருந்தியதை மனம் திருந்தியதாகக் கணக்கெழுதுவது எந்த ஊர் நேர்மை?

அடுத்து, கட்டுரையின் இதயமான கூற்றுக்கு வருகிறேன்: இந்தக் கொள்கை சிறு குடும்ப உழவரைக் காக்கிறது என்பது. 1991இல் வேளாண் ஆணையராக இருந்த அயர்லாந்துக்காரர் ரே மக்ஷாரி, ஆதரவுப் பணத்தில் 80 சதவீதம் 20 சதவீதப் பண்ணைகளுக்கே போகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். சீர்திருத்தத்துக்கு அதையே காரணமாகவும் காட்டினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. நான்கைந்து சீர்திருத்தங்கள் வந்து போய்விட்டன. ஐரோப்பிய ஆணையத்தின் பட்டியல்களைப் புரட்டினால் இன்றும் ஏறக்குறைய அதே விகிதம்தான். காரணம் ஒன்றும் மர்மமல்ல. பணம் ஹெக்டேரைத் தொடர்ந்து போகிறது. இரண்டு ஹெக்டேர்க்காரருக்கு இரண்டு பங்கு, இரண்டாயிரம் ஹெக்டேர்க்காரருக்கு இரண்டாயிரம் பங்கு. ஹெக்டேருக்கு வயிறு கிடையாது, பிள்ளைகுட்டி கிடையாது, வட்டிக் கடன் கிடையாது. அதைப் பார்த்துத்தான் பணம் அளக்கப்படுகிறது என்றால், அந்த ஏற்பாட்டில் சிறியவருக்கு எங்கே இடம்?

2003இல் வேளாண் ஆணையராக இருந்த ஃபிரான்ஸ் ஃபிஷ்லர் கொண்டுவந்த மாற்றம் இதை இன்னும் ஒரு படி முற்ற வைத்தது. பயிருக்கும் பணத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்தார்கள். பல நாடுகளில் 2000 முதல் 2002 வரை ஒருவர் எவ்வளவு பெற்றாரோ அதுவே அவருடைய உரிமைத் தொகையாயிற்று. அந்த மூன்று ஆண்டுகளில் அதிகம் வாங்கியவர், அதற்குப் பிறகு என்ன விளைவித்தார், விளைவித்தாரா என்ற கேள்வியே இல்லாமல் தொடர்ந்து வாங்கினார். பழைய அநீதி புதிய சட்டத்தில் உரிமையாகப் பதிவாயிற்று. விமான நிலையங்கள், ரயில்வே நிறுவனங்கள், நிலையான விளையாட்டுத் திடல்கள் ஆகியவற்றை நடத்துவோருக்கு வேளாண் பணம் போகக் கூடாது என்று 2013இல் தனியே ஒரு விலக்குப் பட்டியல் எழுத வேண்டியிருந்தது. அப்படி ஒரு பட்டியல் தேவைப்பட்டதே போதாதா, பணம் எங்கெங்கே போயிருக்கிறது என்று காட்ட? 2005இல் பிரிட்டன் பயனாளிகள் பெயரை வெளியிட்டபோது அரசியின் சாண்ட்ரிங்ஹாம் பண்ணையும் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனும் அதில் இருந்தார்கள். அவர்களா நம் கட்டுரையாளரின் சிறு குடும்ப உழவர்கள்?

2005இல் ஒன்றியத்தின் இன்றைய எல்லைக்குள் இருந்த பண்ணைகள் 1 கோடியே 44 லட்சம். 2020இல் 91 லட்சம். மறைந்த 53 லட்சத்தில் மிகப் பெரும்பான்மை ஐந்து ஹெக்டேருக்கும் குறைவானவை. இந்த இழப்பு முழுவதும் மானியத்தால் வந்ததென்று நான் சொல்லவில்லை. இயந்திரமும் நகரமும் வாரிசின்மையும் சேர்ந்துதான் கொண்டுபோயின. ஆனால் காப்பாற்றுகிறது, காப்பாற்றுகிறது என்று பத்திக்குப் பத்தி எழுதுகிறவர் யார் காப்பாற்றப்பட்டார் என்பதை ஓரிடத்திலாவது சொல்ல வேண்டாமா? பண்ணை நடத்துவோரில் மூன்றில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவர். நாற்பதுக்கும் கீழே உள்ளவர்கள் 12 சதவீதம்தான். நிலத்துக்கு ஆண்டுதோறும் உறுதியான வருமானம் உண்டென்றால் நிலத்தின் விலையும் குத்தகையும் அதற்கேற்ப ஏறும். வைத்திருப்பவர் விடமாட்டார், புதிதாக வருபவர் வாங்க முடியாது. உழுபவர் கையில் கொடுத்ததாகக் கணக்குக் காட்டப்படும் பணத்தில் ஒரு பகுதி, குத்தகை உயர்வாக நில உடைமையாளர் வீடு போய்ச் சேர்கிறது. இதைப் பொருளியல் பாடத்தின் முதல் ஆண்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

இந்த இடத்தில் சிக்கோ மான்ஷோல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கொள்கையின் தந்தை என்று கட்டுரையாளர் அவரைப் போற்றுகிறார். 1968இல் அவரே தன் திட்டத்தின் குறையைக் கண்டு, ஐம்பது லட்சம் பேரை உழவிலிருந்து வெளியேற்றி, மிஞ்சியவர்களின் பண்ணைகளைப் பெரிதாக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். 1971 மார்ச்சில் உழவர்கள் பிரஸ்ஸல்ஸை நிரப்பினார்கள். அந்தப் போராட்டத்தில் ஓர் உயிரும் போயிற்று. மான்ஷோல்ட்டோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் சிறியவர்கள் போகட்டும் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார். இன்றைய ஏற்பாடு அதையே சொல்லாமல் செய்கிறது. கட்டுரையாளர் அதைக் காப்பு என்று அழைக்கிறார்.

உச்சவரம்பு விவகாரத்தில்தான் அவருடைய வாதம் முழுதாக அம்பலப்படுகிறது. ஒரு பண்ணைக்கு இவ்வளவுக்கு மேல் கிடையாது என்ற எளிய விதியை ஆணையம் எத்தனை முறை முன்வைத்திருக்கிறது என்று பாருங்கள். 1991இல் மக்ஷாரி பெரிய பண்ணைகளுக்கான ஈட்டைப் படிப்படியாகக் குறைக்கப் பார்த்தார். பிரிட்டன் முன்னின்று எதிர்த்தது. 2002இல் ஃபிஷ்லர் 3 லட்சம் யூரோ வரம்பு கேட்டார், கைவிடப்பட்டது. 2011இல் மறுபடி 3 லட்சம். முடிவில் கிடைத்தது, ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் 5 சதவீதக் குறைப்பு. 2018இல் ஒரு லட்சம் யூரோ. 2021இல் பேச்சு முடிந்தபோது அது ‘விரும்பும் நாடுகள் செய்துகொள்ளலாம்’ என்று ஆகிவிட்டிருந்தது. 2025 ஜூலையில் 2028–34க்கான வரவுசெலவுத் திட்டத்தோடு ஆணையம் மீண்டும் அதே ஒரு லட்சத்தை மேசையில் வைத்திருக்கிறது. வைத்தது யார், வெட்டியது யார்? வெட்டியவை உறுப்பு நாடுகளின் அரசுகள். கிழக்கு ஜெர்மனியில் பழைய கூட்டுப்பண்ணைகளின் வாரிசாக வந்த பெருநிறுவனங்கள், செக், ஸ்லோவாக்கியச் சமவெளிகளின் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பண்ணைகள், இங்கிலாந்தின் பரம்பரை எஸ்டேட்டுகள்: ஒவ்வொன்றுக்கும் அமைச்சர்கள் மன்றத்தில் ஒரு குரல் இருந்தது. போர்ச்சுகலில் ஆலிவ் பறிக்கும் கிழவிக்கு அங்கே யார் இருந்தார்கள்?

உச்சவரம்பு என்பது திறமைக்குத் தண்டனை என்கிறார் கட்டுரையாளர். சரி, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். பெரிய பண்ணை உண்மையிலேயே திறமையானது, குறைந்த செலவில் அதிகம் விளைவிக்கிறது என்றால் அதற்கு எதற்கு மக்கள் வரிப்பணம்? வரிப்பணம் இல்லாமல் நிற்க முடியாது என்றால் அது எப்படித் திறமையானது? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே பத்தியில் வைத்திருப்பவர் வாசகரைக் குறைத்து மதிப்பிடுகிறார்.

ஒரே கருவூலம், ஒரே விதி என்ற பெருமிதத்தையும் பார்த்துவிடலாம். 2004இல் போலந்தும் ஹங்கேரியும் பால்டிக் நாடுகளும் உள்ளே வந்தபோது, அவற்றின் உழவர்களுக்கு மேற்கில் கொடுக்கப்பட்டதில் 25 சதவீதம் மட்டுமே நேரடித் தொகையாக வழங்கப்பட்டது. படிப்படியாக ஏற்றி முழுமையாக்க 2013 வரை எடுத்துக்கொண்டார்கள். அந்த வாசல் திறப்பதற்குச் சற்று முன்பு, 2002 அக்டோபரில், பிரான்சின் ஷிராக்கும் ஜெர்மனியின் ஷ்ரோடரும் தனியே பேசி 2013 வரைக்கும் செலவின் உச்சத்தைப் பூட்டிவைத்தார்கள். புதியவர்கள் வந்து உட்காருவதற்குள் பந்தி முறை முடிவாகிவிட்டது. கிழக்கில் வாழ்க்கைச் செலவு குறைவுதானே என்று கட்டுரையாளர் ஒரு சப்பைக்கட்டு கட்டுகிறார். டிராக்டரும் யூரியாவும் லாட்வியாவில் கால் விலைக்கா விற்கின்றன? பொதுச் சந்தை என்பதன் பொருளே அந்த விலைகள் எங்கும் ஒன்றாக இருக்கும் என்பதுதானே? விலையில் ஒற்றுமை, உதவியில் வேற்றுமை. இடைவெளி குறைந்திருக்கிறது என்றாலும் லாட்விய உழவரின் ஹெக்டேர்த் தொகை இன்றும் ஒன்றியத்தின் சராசரிக்குக் கீழேதான். விதியும் ஒன்றல்ல. 2023 முதல் ஒவ்வொரு நாடும் தன் திட்டத்தைத் தானே எழுதுகிறது. மொத்தம் 28 திட்டங்கள், பெல்ஜியத்துக்கு மட்டும் இரண்டு. அதில் நல்லதும் நடந்தது: நேரடித் தொகையில் 10 சதவீதத்தைச் சிறிய, நடுத்தரப் பண்ணைகள் பக்கம் திருப்ப வேண்டும் என்று விதித்தார்கள். அதற்கும் விலக்கு வாங்கும் வழியைச் சேர்த்தே எழுதினார்கள்.

பசுமைச் சீர்திருத்தம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஐரோப்பியத் தணிக்கை மன்றமே சொல்லிவிட்டது. நேரடித் தொகையில் 30 சதவீதத்தைச் சூழலோடு கட்டிய 2013 ஏற்பாடு, ஒன்றியத்தின் விளைநிலத்தில் ஏறத்தாழ 5 சதவீதத்தில்தான் உழவு முறையை மாற்றியது என்று 2017இல் அது கண்டது. 2014 முதல் 2020 வரை பத்தாயிரம் கோடி யூரோவுக்கு மேல் தட்பவெப்பச் செலவென்று கணக்கெழுதியும், வேளாண்மையின் உமிழ்வு 2010க்குப் பிறகு குறையவில்லை என்று 2021இல் சொன்னது. உழவர் வருமானத்தை இந்தக் கொள்கை உயர்த்துகிறதா என்று அளக்கப் போதிய தரவே ஆணையத்திடம் இல்லை என்று 2016இலேயே சொல்லியிருந்தது. 2024இல் டிராக்டர்கள் வீதிக்கு வந்தபோது அவற்றை ஓட்டி வந்தவர்களில் பலர் கேட்டது கட்டுப்படியாகும் விலை. கிடைத்தது என்ன? நான்கு சதவீத நிலத்தைத் தரிசாக விடும் விதி தளர்த்தப்பட்டது, பூச்சிக்கொல்லிக் குறைப்புச் சட்ட வரைவு திரும்பப் பெறப்பட்டது. வலி விலையில் இருந்தது, மருந்து வேலியோரத்துப் பறவைகளிடமிருந்து பறிக்கப்பட்டது. இதை உழவரின் வெற்றி என்று எழுத ஒருவருக்கு எப்படிக் கை வந்தது?

ஊழலை அவர் விதிவிலக்கு என்கிறார். நிலத்தைக் காட்டினால் பணம் என்று வைத்துவிட்டால் இல்லாத நிலத்தைக் காட்டுவதுதான் முதல் தொழிலாகும். கிரேக்கத்தில் மேய்ச்சல் நிலமே இல்லாதவர்கள் மேய்ச்சல் நிலத்துக்குப் பணம் வாங்கியது வெளிவந்து, 2025இல் அமைச்சர்கள் பதவி விலகினார்கள், நாட்டுக்கு 39 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விழுந்தது. செக் பிரதமராக இருந்த ஆந்த்ரேய் பபிஷ் நிறுவிய அக்ரோஃபெர்ட் குழுமம் ஐரோப்பிய மானியம் பெற்றதில் நலமுரண் உண்டென்று ஆணையத்தின் தணிக்கை கண்டது. ஸ்லோவாக்கியாவின் கிழக்கில் இத்தாலிய மாஃபியா தொடர்புடையவர்கள் வேளாண் மானியத்தை உறிஞ்சுவதைத் துப்புத் துலக்கிக்கொண்டிருந்த இளம் பத்திரிகையாளர் யான் குட்ஸியாக், 2018 பிப்ரவரியில் தன் வருங்கால மனைவி மார்ட்டினா குஷ்னீரோவாவுடன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இரண்டு பெயர்களையும் எழுதாமல் இந்தக் கொள்கையின் நியாயத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத முடிகிறது என்பதே எனக்கு ஆறாத கோபம்.

இனி, இந்த ஐரோப்பியப் பயணம் எதற்காக என்ற கேள்வி. பயிரிலிருந்து பிரிக்கப்பட்ட நேரடித் தொகை உலக வர்த்தக அமைப்பின் பச்சைப் பெட்டியில் உட்காரும், அதற்கு வரம்பில்லை. இந்தியா ஆதரவு விலை கொடுத்து வாங்கும் நெல்லும் கோதுமையும் வரம்புள்ள பெட்டியில் கணக்கிடப்படும். அதுவும் 1986–88 விலையோடு ஒப்பிட்டு. 2013இல் பாலியில் கிடைத்த தற்காலிகப் பாதுகாப்பை நம்பித்தான் நம் கொள்முதல் நிற்கிறது. ஐரோப்பா தன் மானியத்தைக் குறைத்ததைவிட அதிகமாகப் பெட்டி மாற்றி வைத்தது. அந்தப் பெட்டி மாற்றத்தை நீதியின் முன்னேற்றமாகக் காட்டி, நாமும் கொள்முதலைக் கைவிட வேண்டும் என்று சொன்னால், அதனால் மகிழ்பவர் யார்? தானிய வணிகத்தில் இருப்பவர்கள். கொள்முதல் செலவைக் கழித்துக்கொள்ளக் காத்திருக்கும் நிதித் துறையினர். தஞ்சையின் பம்புசெட்டுக்குப் போகும் மின்சாரம் ஓட்டு அரசியல், சாண்ட்ரிங்ஹாமுக்குப் போன யூரோ வருமானப் பாதுகாப்பு என்று ஒரே கட்டுரையில் எழுதுபவரிடம் நியாயத்தின் அளவுகோலை எதிர்பார்ப்பதற்கில்லை.

நிலத்தைப் பார்த்துப் பணம் போடுவது எப்படியிருக்கும் என்று கண்டுகொள்ள நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதுமில்லை. 2019 முதல் பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வருகிறது. பட்டா வைத்திருக்கும் குடும்பத்துக்கு. காவிரிப் படுகையில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறையாக உழுபவருக்கு, வாய்மொழிக் குத்தகையில் பயிர் வைப்பவருக்கு அது கிடையாது. 2020இல் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் தகுதியில்லாத லட்சக்கணக்கானோர் கணக்கில் 100 கோடிக்கு மேல் போனதையும் பார்த்தோம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஆயிரம் குறைகள் உண்டு: மழையில் நனையும் குவியல், ஈரப்பதத்தைக் காட்டித் தட்டிக்கழிப்பது, மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்கும் கை. ஆனால் அங்கே பணம் நெல்லைத் தொடர்கிறது. நெல்லை விளைவிப்பது பட்டா அல்ல.

உழவருக்குப் பொதுப்பணம் தரவே கூடாது என்று நான் சொல்லவில்லை; இங்கிலாந்து ஒன்றியத்தை விட்டு வெளியேறி, பொது நன்மைக்கே பொதுப்பணம் என்று 2020இல் சட்டம் செய்தும், 2025 மார்ச்சில் அதன் முக்கியமான திட்டத்துக்குப் புது விண்ணப்பங்களைத் திடீரென்று நிறுத்தி உழவர்களைத் திண்டாடவிட்டதை அறிவேன். பணம் வேண்டும், அது உழைக்கும் ஆட்களை எண்ணி, வருமானத்தைப் பார்த்து, மண்ணுக்கும் நீருக்கும் அவர்கள் செய்வதை அளந்து போக வேண்டும். தேவைப்படுகிறவருக்கே வருமான ஆதரவு போகட்டும் என்று ஐரோப்பிய ஆணையமே கூட்டிய உழவர், வணிகர், சூழலியலாளர் குழு 2024 செப்டம்பரில் சொல்லியிருக்கிறது. அந்த அறிக்கையைக் கட்டுரையாளர் படித்திருப்பார். படித்துவிட்டு அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதது ஏன், ஏக்கருக்கு இவ்வளவு என்று அவர் போடச் சொல்லும் பணம் மன்னார்குடிப் பக்கத்துக் குத்தகைதாரர் கணக்குக்கு எந்த வழியாக வந்து சேரும்: இந்த இரண்டுக்கும் அவர் பதில் எழுதட்டும்.